சத்தம் கேட்காத வண்டி

தக்கலை
10.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

பிளஸ்ஸி எழுதுகிறேன். நானும் மகள் ஆன்ஸ்லினும் மாமியும் ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறோம். மழை பிடித்து நாலு நாளாகிறது. சோஹாரில் கல்ஃப் வெயில் எப்படி என்று கேட்க மாட்டேன். கேட்டால் வெயிலைப் பற்றியே எழுதிப் பக்கத்தை முடித்துவிடுவீர்கள்.

"ரூம்ல ஆறு பேரு கிடக்கோம், வீட்டுக் காரியம் போன்ல பேசாண்டாம். பேப்பர்ல எழுதி போட்டோ எடுத்து அனுப்பு" என்று நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கும் இது பழகிவிட்டது. வாட்ஸ்அப்பில் உங்கள் கோணல் எழுத்தைப் பார்ப்பதிலும் ஒரு சந்தோஷம் உண்டு.

காரியம் இதுதான். நமக்கு ஒரு கார் வேண்டும். புதிது வேண்டாம். யாராவது நல்லபடியாக ஓட்டிய எலக்ட்ரிக் கார் போதும். காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் இறங்கினால் திருவட்டார், வேர்க்கிளம்பி, முளகுமூடு என்று பதினைந்து வீட்டில் ரத்தம் எடுத்து, ஒன்பது மணிக்குள் லேபில் கொடுக்க வேண்டும். போன வியாழன் குமாரபுரம் இறக்கத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன். முட்டியில் தோல் போனது பெரிதில்லை, எட்டுப் பேருடைய ரத்தக் குப்பி உடைந்ததுதான் மனசுக்கு வெப்ராளம். எட்டு வீட்டுக்கும் திரும்பப் போய், "இன்னொருக்க கைய நீட்டுங்க" என்று கெஞ்சினேன். அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருந்தால் வேலையை விடச் சொல்லியிருப்பீர்கள்.

மாமியையும் மாதம் இரண்டு தடவை நாகர்கோவிலுக்குக் கண் காட்டக் கூட்டிப் போகிறேன். மார்ச்சில் எடுத்த லைசென்ஸ் பர்சில் சும்மா கிடக்கிறது. தினமும் அறுபது, எழுபது கிலோமீட்டர் ஓட்டத்துக்கு பெட்ரோல் கொடுத்து மாளாது. கரண்ட் வண்டியென்றால் வீட்டிலேயே பிளக்கில் குத்திப் போடலாம்.

ஸ்டெனியிடம் விசாரித்தேன். மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப்பில் உங்களோடு வேலை பார்த்தாரே, அவர்தான். கோயம்புத்தூர் போய் பேட்டரி வேலை படித்து வந்து இப்போது அழகியமண்டபத்தில் கடை வைத்திருக்கிறார். "மைனி, பழைய கரண்ட் வண்டில பெயிண்ட பாக்காண்டாம், பேட்டரிய பாக்கணும்" என்றார். நம் சபை யேசுரத்தினம் சார் கனடாவில் மகன் வீட்டுக்குப் போவதால் தன் வண்டியை விற்கிறாராம். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து பார்க்கப் போகலாம் என்றிருக்கிறோம். உங்கள் சம்மதம் வேண்டும்.

உங்கள்
பிளஸ்ஸி


சோஹார்
12.6.2025

அன்புள்ள பிளஸ்ஸிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை நீ விழுந்ததை. இரண்டாம் தடவை காரை. மூன்றாம் தடவை ஸ்டெனியை.

முட்டி ஆறிவிட்டதா? விழுந்ததை என்னிடம் சொல்லவில்லை, சரி. ஸ்டெனியிடம் சொன்னாயா? அதை மட்டும் தெளிவாக எழுது.

இருபது வருஷமாக இஞ்சின் பிரிக்கிறவன் நான். தக்கலையிலிருந்து களியக்காவிளை வரைக்கும் தெரிந்தவன் எவன் பழைய வண்டி எடுத்தாலும் சோஹாருக்குப் போன் வரும். "அண்ணே, கேளுங்க" என்று ஸ்டார்ட் பண்ணி, பானெட்டைத் திறந்து போனை உள்ளே வைப்பான். நான் கண்ணை மூடிக் கேட்டு, எந்தச் சிலிண்டர் இருமுகிறது, எந்த பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று இங்கிருந்தே சொல்வேன். என் ரூமில் இருக்கிற ஞானையன் என்னை டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாய் நீ.

ஸ்டெனி எனக்குத் தெரியாத ஆளா? அவன் சேர்ந்த புதிதில் ஸ்பேனர் பிடிக்கக் காட்டிக் கொடுத்தது நான். நான் வெயிலில் வந்து கிடக்கிறேன், அவன் ஊரில் கடை போட்டு என் வீட்டுக்காரிக்கு வண்டி பார்த்துக் கொடுக்கிறான். கொள்ளாம், நல்ல காரியம்.

போவதாக இருந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. முன்சீட்டில் அம்மா இருக்கட்டும். என்னைக் கூப்பிட்டு, ஸ்டார்ட் பண்ணி, போனை பானெட்டுக்குள் வை. நான் கேட்டுச் சொல்கிறேன்.

ஆன்ஸ்லினைப் படிக்கச் சொல். 

உன்
ஜெயசிங்


தக்கலை
16.6.2025

என் அன்பான அத்தானுக்கு,

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். விழுந்ததை ஸ்டெனியிடம் நான் சொல்லவில்லை. நொண்டி நடந்ததைப் பார்த்து அவராகவே கேட்டார். போதுமா?

நேற்று ஆராதனை முடிந்து மாமியோடு யேசுரத்தினம் சார் வீட்டுக்குப் போனோம். மாமி கலெக்டர் மாதிரி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஸ்டெனி பின்சீட்டில், மடியில் லேப்டாப்போடு. மூன்று வருஷ வண்டி, முப்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஸ்டெனி ஒரு கருவியை மாட்டிப் பார்த்து, பேட்டரி ஆரோக்கியம் தொண்ணூற்றிரண்டு சதவீதம் என்றார். புதிதில் நூறு இருக்குமாம். எண்பதுக்குக் கீழே போயிருந்தால் அந்த வண்டியைத் தொடவே கூடாதாம். கம்பெனி கொடுத்த எட்டு வருஷ பேட்டரி வாரண்டி நம் பெயருக்கு மாறும் என்பதையும் பேப்பரில் காட்டினார்.

பிறகு நீங்கள் சொன்னபடியே செய்தேன். போன் போட்டு, பானெட்டுக்குள் வைத்தேன். என்ன கூத்து! "ஸ்டார்ட் பண்ணு பிள்ளே" என்கிறீர்கள். "பண்ணியாச்சு" என்கிறேன். "எங்க பண்ணின? பண்ணு." "ஓடிட்டுதான் இருக்கு அத்தான்." "அப்போ ஆக்சிலேட்டர மிதி." "மிதிச்சா வண்டி சார் வீட்டுச் சுவர இடிச்சிரும்!" மாமி ஜன்னலில் தலையை நீட்டி, "லேய் ஜெயசிங்கே, வண்டிக்கு உயிரு உண்டும், வாய்தான் இல்ல" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஸ்டெனிதான் மெதுவாக, "அண்ணே, இது காதால பாக்கிய வண்டி இல்ல" என்றார். நீங்கள் உடனே போனை வைத்துவிட்டீர்கள். கோபமா?

குலசேகரம் வரை நானே ஓட்டினேன். ஏற்றத்தில் குறைந்த சார்ஜ், இறக்கத்தில் கொஞ்சம் திரும்ப ஏறுகிறது! சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். "மைனி நல்லா ஓட்டுதியளே" என்றார் ஸ்டெனி. நம் வீட்டு எர்த் கம்பி சரியில்லை, அதோடு சார்ஜ் போடக்கூடாது. ஸ்டெனி நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மாமிக்குப் பிடிக்குமென்று ஸ்டெனி ஒரு பொட்டலம் ஏத்தங்காய் சிப்ஸும் வாங்கித் தந்தார்.

எனக்கு வண்டி பிடித்துவிட்டது. இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன். "அட்வான்ஸ் வேண்டாம் பிள்ளே, உன் வாக்கு போதும்" என்றார் சார். நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

உங்கள்
பிளஸ்ஸி


சோஹார்
19.6.2025

பிளஸ்ஸிக்கு,

உன் கடிதத்தில் ஸ்டெனி என்ற பெயர் ஏழு தடவை வருகிறது. அத்தான் இரண்டு தடவை. அதில் ஒன்று கடிதத்தின் தலையில். மற்றது, வண்டி ஓடிக்கொண்டிருப்பது கூடத் தெரியாத மடையனிடம் பேசும்போது.

எனக்கு வயிறு எரிகிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். என் அம்மா அவன் வாங்கித் தந்த சிப்ஸைத் தின்கிறாள். என் வீட்டு எர்த் கம்பியை அவன் தோண்டிப் பார்க்கிறான். அண்ணன் பெண்டாட்டி என்று மைனி போட்டுக் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? நீ நொண்டுவது அவன் கண்ணில் படுகிறது. எனக்கு நீ எழுதினால்தான் உண்டு.

நீ நல்லா ஓட்டுகிறாய் என்று முதலில் சொல்ல வேண்டியவன் நான். அதையும் அவன் சொல்லிவிட்டான்.

வாங்காதே என்று சொல்லவில்லை. பொறு என்கிறேன். டிசம்பரில் வந்து நானே பார்க்கிறேன். ஐந்தாறு மாதம் ஸ்கூட்டர் ஓட்டினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஜெயசிங்


தக்கலை
26.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. ஸ்டெனியைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்பைத்தான் தந்தது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், அரை நாள் கடையைப் பூட்டிவிட்டு நமக்காக வந்தார். நேரில் வந்து நீங்களே அவரிடம் பேசினால் இதெல்லாம் தீர்ந்துபோகும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். வண்டி போய்விட்டது. நேற்று சார் வீட்டு வாசலில் அது இல்லை. நாகர்கோவிலில் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். "எனக்கு வாக்கு தந்தீங்களே சார்" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், "குடும்பத்துல பேசி ஒரு முடிவு எடுத்திட்டு வரணும் பிள்ளே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் என்ன முடிவெடுக்காமல் போனேன்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஸ்டெனியும் போன் எடுப்பதில்லை. எர்த் கம்பிக்குத் தோண்டின குழி பாதியில் மழைத்தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. இன்றைக்குக் காலையில் முளகுமூட்டில் ஒரு கடை ஓரமாக ஸ்கூட்டரை நிறுத்தி அழுதேன். ஒரு காருக்காக அழுகிறாளே என்று நினைக்காதீர்கள். பத்து வருஷத்தில் நானாகப் பார்த்து, எனக்கே எனக்கென்று பிடித்துப்போன ஒரே சாமான் அது.

பிளஸ்ஸி


சோஹார்
27.6.2025

என் அன்பு பிளஸ்ஸிக்கு,

அழாதே. நடப்பதெல்லாம் நன்மைக்குத்தான். ஆண்டவர் ஒரு கதவை மூடினால் காரணம் இல்லாமல் மூடமாட்டார். பேட்டரி வண்டி இன்றைக்கு மினுங்கும், நாளைக்கு யாருக்குத் தெரியும்?

ஊரில் ஒரு கூட்டுக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். நல்ல பெட்ரோல் வண்டி ஒன்று வரும். நீ சிரமப்பட வேண்டாம், போனில் சத்தத்தை நான் கேட்டு முடிவு பண்ணுகிறேன். ஸ்டெனி போன் எடுக்கவில்லையா? போகட்டும். காரியம் இருக்கும்வரைதான் சிலருக்கு நாம் அண்ணனும் மைனியும்.

இன்றைக்கு ரூமில் நான்தான் சமையல். மீன்குழம்பு நன்றாக வந்தது. உன்னை நினைத்தேன்.

உன்
ஜெயசிங்


தக்கலை
29.6.2025

ஆன்ஸ்லின் அப்பாவுக்கு,

இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் யேசுரத்தினம் சாரின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இருபதாம் தேதி நீங்கள் சாருக்குப் போன் பண்ணியிருக்கிறீர்கள். ஸ்டெனி இரண்டு பக்கமும் கமிஷன் அடிக்கிறான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தினீர்களா? "வண்டியச் சாக்கு வச்சு, நான் இல்லாத வீட்டுல அவன் கேறி எறங்குகான். நீங்க அந்த வண்டிய வித்தா அதுக்கு நீங்களும் துணைபோனதாத்தான் அர்த்தம்" என்றீர்களாம். சபைப் பெரியவர் ஒருவரிடம், உங்கள் வாயால், என்னைப் பற்றி!

அவர் பயந்து வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்தார். அவர் சொல்லித்தான் ஸ்டெனி வீட்டுக்கும் பேச்சு போயிருக்கிறது. ஸ்டெனி மனைவி சபிதா இன்றைக்கு எனக்கு எதிரே வந்தவள் ரோட்டின் அந்தப் பக்கமாக மாறி நடந்தாள். அவள் மகளுக்கு டெங்கு வந்தபோது தினமும் போய் ரத்தம் எடுத்தவள் நான். ஸ்டெனி நம்மிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. டீசல் காசுகூட வாங்கவில்லை.

இதெல்லாம் தெரிந்துகொண்டே, அழாதே, நடப்பதெல்லாம் நன்மைக்கு என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். ஆண்டவர் கதவை மூடினாராம்! மூடினது நீங்கள். ஆண்டவர் தலையில் ஏன் போடுகிறீர்கள்?

பதினொரு வருஷமாக நீங்கள் அங்கே. யாரோடு பேசுகிறீர்கள், யாரோடு சிரிக்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா? மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நீங்கள் எழுதினால் படிப்பேன். பதில் வருமென்று இருக்காதீர்கள்.

பிளஸ்ஸி


சோஹார்
4.7.2025

என் பிளஸ்ஸிக்கு,

ஸ்டெனி கமிஷன் வாங்குகிறான் என்றது நான் கட்டின பொய். உன்னைப் பற்றிச் சொன்னது அதைவிடப் பெரிய பொய். நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

அந்த ஞாயிறு போனில் எனக்கு இஞ்சின் சத்தம் கேட்கவில்லை. நீங்கள் நாலு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்தில் படுத்திருந்த ஞானையன், "என்ன டாக்டரே, நாடி கிடைக்கல்லியா?" என்றான். ரூம் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஸ்டெனி மேல்தான் எரிச்சல் என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் வண்டி மேலும் பொறாமைதான். ஆயில் மாற்ற வேண்டாம், பிளக் கழற்ற வேண்டாம், காது வைத்துக் கேட்க வேண்டாம். அந்த வண்டி வீட்டுக்கு வந்துவிட்டால், ஜெயசிங் எதற்கு? மாதாமாதம் பணம் அனுப்ப ஒருத்தன், அவ்வளவுதானே!

இறக்கத்தில் சார்ஜ் ஏறினதும் கத்தினேன் என்று எழுதினாயே. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நீ சந்தோஷத்தில் கத்தி நான் கேட்டதில்லை. அவன் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அதை என்னால் தாங்க முடியவில்லை. பொறு என்று உனக்கு எழுதின மறுநாளே கோட்டி பிடித்தவன் மாதிரி போனை எடுத்தேன்.

நேற்று சாருக்குப் போன் பண்ணி, நான் சொன்னதெல்லாம் பொய் என்று சொன்னேன். "லேய், உனக்கு வயசு என்னாகுது?" என்று கேட்டார். அம்மா என்னோடு பேசமாட்டேன் என்கிறாள். ஸ்டெனியைக் கூப்பிட நம்பரை எடுத்தேன், வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். அவனிடம் மட்டும் எனக்கு வாய் வரவில்லை, பிளஸ்ஸி.

லீவை முன்னால் கேட்டு வாங்கிவிட்டேன். செப்டம்பர் பத்தொன்பது காலை திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். டாக்சி சொல்லிவிட்டேன். வந்து எல்லாவற்றையும் சரிபண்ணுகிறேன். அதுவரை ஒரு வரியாவது எழுது. திட்டியாவது எழுது.

உன்
ஜெயசிங்


தக்கலை
9.9.2025

அத்தானுக்கு,

நீங்கள் ஜூலையில் எழுதியதையும், அதற்குப் பிறகு எழுதிய ஐந்தையும் படித்தேன். உடனே எழுதியிருந்தால் அழுதுகொண்டே எழுதியிருப்பேன். அது வேண்டாமென்றுதான் இருந்துவிட்டேன்.

வண்டி வாங்கிவிட்டேன். போன மாதம் இருபத்தெட்டாம் தேதி வீட்டுக்கு வந்தது. ஸ்டெனியைக் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிட? அவர் அன்றைக்குச் சொன்னது ஓர்மையில் இருந்தது, அதை வைத்து மூன்று வண்டி பார்த்தேன். கருங்கலில் ஒரு வண்டி கண்ணாடி மாதிரி மினுங்கிற்று. சார்ஜ் போடுகிற கேபிளே இல்லை, கேட்டால் "அது எங்கயோ கிடக்கு" என்கிறார். பாறசாலையில் பார்த்தது வாடகைக்கு ஓடிக் களைத்த வண்டி, பேட்டரி எழுபத்தாறுதான். கம்பெனி சர்வீசில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டினால்தான் விலை பேசுவேன் என்று நான் பிடிவாதமாக நின்றதால் அது வெளியே வந்தது. மூன்றாவது, நாகர்கோவிலில் ஒரு பல் டாக்டர் அம்மாவுடையது. எண்பத்தொன்பது சதவீதம், நாலரை வருஷ வாரண்டி பாக்கி. "ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாரும்மா" என்று சாவியைக் கையில் தந்தார். அன்றைக்குப் பதினைந்து வீட்டுக்கும் அதிலேயே போனேன். கொட்டுகிற மழை. ஒரு குப்பி உடையவில்லை.

லோன் என் பெயரில், ஆர்.சி. புத்தகம் என் பெயரில். தவணை என் சம்பளத்திலிருந்து போகும். எர்த் கம்பியை நானே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரி பண்ணினேன். ஆன்ஸ்லின் கூட்டுக்காரிகளை ஏற்றிக்கொண்டு வட்டக்கோட்டை வரை போய்வந்தோம். நான் கத்தத்தான் செய்தேன்.

பொறாமை உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? எனக்கும் உண்டு. உங்கள் ரூமில் இருக்கிற ஐந்து பேர் மேல். நீங்கள் தூங்குவதை, இருமுவதை, மீன்குழம்பு வைப்பதைத் தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள். ஞானையனை நினைத்து எத்தனையோ நாள் வயிறு எரிந்திருக்கிறது. அதற்காக நான் அவன் முதலாளிக்குப் போன் போட்டு அவனைத் திருடன் என்று சொல்லவில்லை.

சார் வீடு தேடி வந்து என்னிடம் வருத்தம் சொன்னார். சபையில் பேச்சு அடங்கிவிட்டது. ஸ்டெனி வீட்டில் அடங்கவில்லை. சபிதா இன்னும் ரோட்டின் அந்தப் பக்கம்தான் நடக்கிறாள். அதை நான் சரிபண்ண முடியாது.

பத்தொன்பதாம் தேதி டாக்சியை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். வண்டியை நான்தான் ஓட்டுவேன், நீங்கள் இடதுபக்கம் உட்காருங்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம் எல்லாம் தாண்டுகிறவரை வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ எதை வேண்டுமானாலும் பேசுங்கள், கேட்டுக்கொண்டு வருவேன். எனக்கும் உங்களிடம் பேச ஆயிரம் இருக்கிறது.

அழகியமண்டபத்தில் ஸ்டெனி கடை முன்னால் நிறுத்துவேன். கடைக்குப் பின்னால்தான் அவர்கள் வீடும். நீங்கள் இறங்கி உள்ளே போய், அவரிடமும் சபிதாவிடமும், நீங்கள் சொன்னது பொய் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமானாலும் வண்டியில் காத்திருப்பேன். சொல்லாமல் திரும்பி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். அங்கிருந்து தக்கலைக்குப் பஸ் நிறைய உண்டு.

பிளஸ்ஸி